மஞ்சள் துணியில் ஒரு ரோம ராணி

ஜூன் 1, ஞாயிறு

கடை பாதி நாள்தான். புதுச்சேரி நாணயக் கண்காட்சியில் வாங்கி வந்த ரோமானிய வெண்கலக் காசுகளைப் பேட்டரித் தண்ணீரில், அதாவது காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில், ஊறப் போட்டேன். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. மண் அப்பிக்கிடக்கிறது. "உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கே தெரியாதும்மா, உங்க அதிர்ஷ்டம்" என்றுதான் விற்றவரே கொடுத்தார். ஊறப் போடும் முன் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் போனில் படம் பிடித்துக்கொண்டேன். நிதானமாகப் பார்க்கணும்.

பாத்திரக்கடைக்காரிக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்காத ஆள் செஞ்சியில் இல்லை. பழைய செம்பை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுக் குடம் வாங்கிப் போனார் ஒருத்தர். அந்தச் செம்போடு ஒரு ரோமானியக் காசும் என் தராசுத் தட்டில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

எனக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று. பிளாக்கில்லா. தியோடோசியஸ் பேரரசனின் மனைவி. என் சேகரிப்பு முழுக்க மூக்கு நீண்ட ஆம்பளைகள்! ஒரு பெண்முகம் வேண்டாமா? எங்கள் நாணயச் சங்கத்தில் யாரிடமும் அவள் இல்லை. பீமாராவ் சாரிடம்கூட இல்லை. அவர்தான் சங்கத்துக்குத் தலைவர், போஸ்ட் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். "ராணி காசெல்லாம் பாத்திரக்கடை பக்கம் வராதும்மா" என்று போன கூட்டத்தில் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இருக்கட்டும்.

ஜூன் 6, வெள்ளி

அய்யோ, வயிறு எரிகிறது!

அத்தை பூஜை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தார். தேய்த்தவர் சும்மா இருக்கக்கூடாதா? மேஜை மேல் இருந்த என் கான்ஸ்டன்டியஸ் ராஜா காசையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். பழைய காசுக்கு அந்தப் பச்சைக் களிம்புதான் உயிர். அது போனால் சங்கத்தில் ஒருத்தர் கையில் வாங்க மாட்டார். இப்போது நேற்று அடித்த காசு மாதிரி பளபளக்கிறது.

"அழுக்கா இருந்துச்சுடி, பளிச்சுனு பண்ணி வச்சிருக்கேன் பாரு" என்று சந்தோஷமாக நீட்டுகிறார்.

நான் ஆடிய ஆட்டத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அத்தை ராத்திரி சாப்பிடவில்லை. நானும்தான்.

ஜூன் 14

ஜுரம். வாயெல்லாம் கசப்பு.

ஜூன் 19

டைபாய்டாம். பேனா பிடிக்க முடியலை. இவர்தான் கடையைப் பார்க்கிறார். அத்தை தலைமாட்டிலேயே இருக்காங்க. பேசமாட்டேங்கறாங்க, நெற்றியில விபூதி மட்டும் பூசிக்கிட்டே இருக்காங்க.

ஜூலை 9

எழுந்துவிட்டேன். ரசம் சாதம் ருசிக்கிறது. கல்லாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ராஜகிரிக் கோட்டையைப் பார்க்க வந்த கூட்டம் தண்ணீர் பாட்டில் கேட்கிறது, பாத்திரம் கேட்கவில்லை.

ஜூலை 23

நாளை ஆடி அமாவாசை. அத்தை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறார். "உனுக்கு நேந்துகிட்டது, செலுத்திட்டு வந்துடறேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். என்ன நேர்ந்துகொண்டார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்!

ஜூலை 24, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடணும்.

காலையில் அத்தை ஸ்பெஷல் பஸ் ஏறிப் போனதும், ஜுரத்துக்கு முன்னால் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படம். திருப்பினேன். ராஜா தலையில் இருக்கும் பட்டை இல்லையே இது? மண்ணுக்கடியில் லேசாக, பின்னி ஏற்றிக் கட்டின கொண்டை. முத்துச் சரம். பின்பக்கம் சிறகு முளைத்த ஒருத்தி உட்கார்ந்து கேடயத்தில் எழுதுகிறாள். பிளாக்கில்லா காசில் அந்தக் கொண்டையும் அந்தச் சிறகுக்காரியும் ஒன்றாக வரும்!

ஓடிப்போய் ஊறப் போட்ட கிண்ணத்தைக் கவிழ்த்தேன். எல்லாம் இருக்கிறது, அவள் மட்டும் இல்லை.

"அதுவா? அம்மா எடுத்தாங்களே" என்கிறார் இவர், சாவகாசமாக. "நீ ஜுரத்துல கெடந்தப்ப மஞ்சத் துணியில முடிஞ்சாங்க. இன்னிக்கு உண்டியல்ல போடப் போயிருக்காங்க."

அவ்வளவுதான். ஸ்கூட்டியை எடுத்தேன். அத்தை போன் எடுக்கவில்லை. வழியெல்லாம் வேனும் பஸ்ஸும் தலைகளும். மேல்மலையனூருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியைப் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று. எலுமிச்சம்பழம் விற்கிறவர்களைத் தாண்டி, திட்டு வாங்கி, வரிசையைப் பிளந்து உள்ளே போனால் — உண்டியலுக்கு இன்னும் பத்துப் பேர்தான் பாக்கி, வரிசையில் அத்தை. உள்ளங்கையில் மஞ்சள் முடிச்சு.

"அத்த! போடாதீங்க!"

"இன்னாடி ஆச்சு? அவனுக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் காசு... நான் தேடிகிட்டிருந்த ராணி காசு அத்த அது! ஒரு ரூபா போட்டு முடிஞ்சிருக்கக் கூடாதா?"

"இப்ப வர்ற ரூபா தகரம். அம்மனுக்குத் தகரத்தயா முடியறது? செப்புதான் ஒசத்தி."

"குடுத்துடுங்க அத்த."

முடிச்சை மார்போடு பிடித்துக்கொண்டார். "ஒன் உசுருக்கு முடிஞ்சதுடி இது. கண்ணு சொருகிக் கெடந்த. ரெண்டு நாளு. நீ பாத்தியா? நான் பாத்தேன். அவுக்க உடமாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காசுக்கா, அவர் சொன்னதற்கா, தெரியவில்லை. முன்னால் நின்ற அவலூர்பேட்டை அம்மா ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "எடுக்கறதுன்னா அதவிட ஒசத்தியா ஒண்ணு வெக்கணும். சும்மா எடுத்தா ஆத்தா உடுவாளா?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் காதில் கை வைத்தேன். கல்யாணத்துக்கு அம்மா போட்ட கம்மல். வலது காது திருகு கழன்றது. இடது காது திருகு இறுகிப்போய் அசையவே இல்லை.

"ஒண்ணு போதும்" என்றார் அத்தை. "பொன்னு பொன்னுதான். ஒங்கையால போடு. உசுரக் குடுத்தவளுக்கு நல்லாக் கும்புட்டுட்டுப் போடு."

போட்டேன். மனசாரத்தான் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அத்தை முடிச்சை என் கையில் கொடுத்தார். அவிழ்க்கத் தைரியம் வரவில்லை எனக்கு. "அத்த... புளி போட்டீங்களா?"

"போன தபா நீ ஆடுன ஆட்டத்துக்கு அப்பறம் புளிய கையால தொடுவனா? மஞ்சத் தண்ணியில நனைச்சு முடிஞ்சேன், அவ்ளோதான்."

அவிழ்த்தேன். பச்சை அப்படியே இருக்கிறது! பேட்டரித் தண்ணீரில் ஊறின மண் துணியோடு உதிர்ந்து, பக்கவாட்டில் திரும்பின முகம், கொண்டை, மூக்கு, கழுத்து எல்லாம் வெளியே வந்திருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் குங்குமம். அத்தையைக் கட்டிப்பிடித்து நடுரோட்டில் கத்தினேன். "அடச்சீ, வுடுடி, எல்லாம் பாக்குது" என்கிறார், சிரித்துக்கொண்டே.

கிடைச்சிட்டா! எனக்குக் கிடைச்சிட்டா!

ஜூலை 26

பீமாராவ் சாருக்குப் படம் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ஆளே கடை வாசலில் நின்றார், லென்ஸோடு. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "ஒரு ஸ்டூல் போடும்மா, உக்காந்து பாக்கறேன்" என்றார். போட்டேன். பித்தளை அண்டாக்களுக்கு நடுவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "வந்துடுச்சேம்மா, பாத்திரக்கடைக்கு" என்றார். நான் காபி கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாகவே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விழுப்புரத்தில் சங்கத்தின் கண்காட்சி. முதல் மேஜை எனக்கு. பீமாராவ் சாரே கூப்பிட்டு ஒதுக்கினார். நடுவில் மஞ்சள் துணி, அதன் மேல் பிளாக்கில்லா. குங்குமத்தைத் துடைக்கவில்லை. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களிடம் எனக்கு முன்னால் அவரே ஆரம்பித்துவிடுகிறார். "கிட்ட பாருங்க, தொடாதீங்க. பச்சதான் அதுக்கு உசுரு."

இடது காதுத் திருகு இன்னும் கழலவில்லை. நானும் தட்டானிடம் போகவில்லை.

மத்தியானம் ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒரு காதுலதான் கம்மல் இருக்குது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை காசைக் காட்டினார்.

"ராணிக்கும் ஒரு காதுதான தெரியுது!"