‘அப்புறம்’ மேடத்தின் அறையில் அப்பா

அன்பு மகளே,

நீ நலமாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் இங்கே நாங்களும் நலம். போனில் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் எழுதுகிறேன். சளி விட்டதா, ஈரத் தலையோடு தூங்காதே. விஷயம் உன் தங்கையைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், அடுத்து என்ன என்பதில் அவளும் உன் அப்பாவும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். அவளுடைய தண்ணீர்ப் பைத்தியம் உனக்குத் தெரியும். குடிநீர் சுத்திகரிக்கிற இடத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போய் வந்ததிலிருந்து கண்ட குழாயிலும் தண்ணீர் பிடித்து ஜன்னலில் பாட்டில் பாட்டிலாக நிறுத்தி வைத்திருக்கிறாள். அப்பா ஒருநாள் தாகத்தில் ஒன்றை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டார், அது எதிர்வீட்டு மீன்தொட்டித் தண்ணீராம். அதையே படிக்க வேண்டும் என்கிறாள், அதற்கு நல்ல கல்லூரியோ ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரம். அப்பா கம்ப்யூட்டர் படிப்புதான், அதுவும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிற கல்லூரிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

உன் காலத்தில் மாமா சொன்னதுதான் படிப்பு, சொன்ன இடம்தான் கல்லூரி. இப்போது அந்தப் பள்ளியிலேயே யாருக்கு எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று வழிகாட்ட ஒரு மேடம் இருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் “அப்புறம்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாராம், அதனால் பிள்ளைகள் அப்புறம் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்க்கைப் பார்த்துச் சேர்க்கப் போகிறார்கள், இதற்கு ஒரு ஆள் வேறா என்று எனக்கு இளக்காரம்தான். போன வாரம் எங்களைக் கூப்பிட்டிருந்தார். லைப்ரரிக்குப் பக்கத்தில் சின்ன அறை, திறக்காத சாப்பாட்டு டப்பா மேஜையில் அப்படியே இருந்தது. சின்னவளைப் பார்த்து என்ன படிக்க ஆசை என்று கேட்டார். வாயைத் திறந்தது யார், உன் அப்பாதான். “நாங்க கம்ப்யூட்டர் எடுக்கலாம்னு இருக்கோம், நாங்க பக்கத்துலயே சேரலாம்னு இருக்கோம்” என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த மேடம் முகம் மாறாமல், “சார், நீங்களும் கூடச் சேர்ந்து படிக்கப் போறீங்களா?” என்று கேட்டார் பார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த அறையில் ‘நாங்க’ கிடையாது, ஒவ்வொருத்தரும் ‘நான்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

சின்னவள் “நான்” என்று தொடங்கித் திணறினாள். அவர் “அப்புறம்?” என்றார். பிறகு நிற்கவில்லை, நம் வீட்டுக் குழாயில் எந்த மாதம் உப்பு கூடுகிறது என்பதுவரை கொட்டித் தீர்த்தாள். நம் வீட்டு வாயாடிக்குள் இவ்வளவு விஷயமா என்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து அப்பாவின் முறை. சட்டைப்பைப் பேனாவை எடுப்பதும் செருகுவதுமாக இருந்தார். கடைசியில், “நான்... பெரியவ போனதுல இருந்து வீடு வெறிச்சுன்னு கிடக்கு மேடம். இவளும் போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்?” என்றார். கம்ப்யூட்டரும் இல்லை ஒன்றும் இல்லை, இதுதான் உள்ளே இருந்திருக்கிறது. அந்த மேடம் சிரிக்கவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை, அதே மெதுவான குரலில் “அப்புறம்?” என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அப்புறம் என்ன, அது என் கவலை. அவ தலையில ஏன் வைக்கணும்” என்றார். கட்டிய நாளிலிருந்து அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை, அவரிடம் சொல்லிவிடாதே, தலைகால் புரியாமல் ஆடுவார்.

அதன்பிறகு அந்த மேடமே கல்லூரிக்குப் பேசினார். சின்னவள் கணக்கில் கொஞ்சம் மட்டு, அங்கே கிடைக்காமலும் போகலாம், வேறு இரண்டு இடமும் பார்த்து வைப்போம் என்று பூசி மெழுகாமல் சொன்னார். கணக்கு வாத்தியாரிடம் சொல்லித் தனியாகப் பாடம் எடுக்க வைத்திருக்கிறார். ஒரு பிள்ளைக்கே எனக்கு மூச்சு முட்டுகிறது, அந்தப் பெண் வகுப்பு முழுக்க இதைச் செய்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அந்தக் கல்லூரியில் சின்னவளுக்கு நேர்காணல். முந்தின நாள் மறக்காமல் போன் பண்ணு, அக்கா என்று அட்வைஸ் அள்ளி விடாதே, “அப்புறம்?” என்று மட்டும் கேள், போதும். ஒழுங்காகச் சாப்பிடு, நீ தொட்டதெல்லாம் துலங்க என் ஆசீர்வாதம். ஒவ்வொரு தடவையும் ‘நாங்கள் எல்லோரும் உன்னை நினைத்துக்கொள்கிறோம்’ என்று எழுதித்தானே முடிப்பேன். கூட்டம் சேர்க்காமல் இந்த முறை சொல்கிறேன், எனக்கு உன்னைத் தேடுகிறது.

உன் அம்மா
(அப்பா தனியாக எழுதுவாராம்.)