வால் முளைத்தால் நிச்சயதார்த்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கனிஷ்கா எழுதுவது. ஸ்ரீரங்கத்தில் நானும் அம்மாவும் நலம்தான், மஸ்கட்டில் உங்கள் முதுகுவலி குறைந்து நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள், அதனால்தான் கடிதம். அம்மா பக்கத்தில் தூங்குகிறார்கள், போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். விடியற்காலை விமானத்துக்குப் போகும் ரசூல் மாமாவிடம் கொடுக்கிற முறுக்கு டப்பாவின் அடியில் இதை வைப்பேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. கீழ் வீட்டு ஓனரம்மா பானுமதி ஆன்ட்டி எதற்கும் பூஜை அறைப் பல்லியைக் கேட்டுத்தான் செய்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும், நமக்கு வீடு கொடுத்ததும் அது சத்தம் போட்டதால்தான். தை மாதம் அவர்கள் மகள் வள்ளிக்கண்ணு அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். எங்கள் அறிவியல் சார் ஜூட், பூமி சூடாகிக்கொண்டே போனால் பல்லிக்கு அறுந்த வால் சீக்கிரம் முளைக்குமா என்று ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார். தட்டு மாற்றும் நேரத்தில் அந்தப் பல்லி சுவரில் அசையாமல் இருந்தது, வால் எவ்வளவு நீளம் என்று பார்க்கத்தான் ஸ்கேலை வைத்தேன். வால் அறுந்து மாப்பிள்ளை செந்தமிழன் வீட்டுத் தட்டில், வெற்றிலைமேல் விழுந்து துள்ளியது. என்னை யாரும் பார்க்கவில்லை. உடனே பஞ்சாங்கத்தை எடுத்தார்கள், தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று எல்லாவற்றுக்கும் பலன் இருந்தது, வால் மட்டும் விழுந்தால் என்ன என்று இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா, “முழுப் பல்லி விழுந்தாத்தாங்க கணக்கு, இது வெறும் வாலுங்க” என்றார். ஆன்ட்டி, “வால் என்ன பக்கத்து வீட்டுதா?” என்று கேட்டார்கள். சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசி, வால் பழையபடி வந்த பிறகே தட்டு மாற்றுவது என்று இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். பல்லி ப்ராஜெக்ட் செய்கிறவள் என்று அளக்கும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வரும், “பொண்ணு நல்லாருக்கா?” என்று கேட்கமாட்டார்கள், “வால் நல்லாருக்கா?” என்பார்கள்.

பங்குனியில் வால் முக்கால்வாசி வந்து, ஒரு நாள் காலையில் மறுபடி மொட்டையாக இருந்தது. ஆன்ட்டி பூனையைத் திட்டினார்கள். இந்த வைகாசி வெயிலில் திரும்பவும் மளமளவென்று முளைத்துவிட்டது. இன்று ராத்திரி மொட்டைமாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மோட்டார் போடக் கீழே ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன், பூஜை அறையில் வள்ளி அக்கா ஸ்டூல்மேல் ஏறி, தோசைக் கரண்டியோடு பல்லியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூனை ஒரு பாவமும் செய்யவில்லை. “கத்தாதடி. ஆடி பொறந்துட்டா பேச்சு தள்ளிப்போகும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன், இந்தப் பாழாப்போன வெயிலு கெடுத்துருச்சு” என்றார்கள். பெண் பார்க்க வந்த அன்று அந்த மாப்பிள்ளை அக்காவிடம் கேட்ட ஒரே கேள்வி, இந்த வீடு எத்தனை சதுர அடி என்பதுதானாம். உங்கள் அம்மாவிடம் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்களேன் என்றேன். “பல்லி சொன்னாக் கேப்பாங்க, நான் சொல்லி எந்தக் காலத்துலடி கேட்டாங்க?” என்றபோது அக்கா அழுதார்கள்.

எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ஜூட் சார் சொன்னதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புது வாலில் எலும்பு கிடையாது, அதனால் முன்பு அறுந்த இடத்தில் மறுபடி அறாது, அடுத்த முறை இன்னும் மேலே, உடம்பை ஒட்டித்தான் அறும். சாப்பாடு கிடைக்காத நாளுக்கான கொழுப்பை அது வாலில்தான் வைத்திருக்கிறது, இப்படியே போனால் பல்லி பிழைக்காது என்றேன். அக்கா ஸ்டூலிலேயே உட்கார்ந்து, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப நான் என்னடி பண்றது?” என்று என்னைக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு படிக்கிற என்னைக் கேட்டார்கள் அப்பா.

நாளை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், எல்லார் முன்னாலும் நான்தான் அளக்க வேண்டும். அளப்பேன். நீளம் வந்துவிட்டது என்ற உண்மையையும் சொல்வேன், முதல் தடவை அறுத்தது என் ஸ்கேல்தான் என்றும் சொல்வேன். அது சகுனமே இல்லை, நான் செய்த தப்பு, அதனால் பல்லியை விட்டுவிட்டு அக்காவைக் கேளுங்கள் என்று சொல்லப்போகிறேன். அக்காவிடம் சொன்னேன், என் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டால் பதில் சொல்வேன் என்றார்கள். ஆன்ட்டி நம்மை வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். அம்மா உங்களுக்குப் போன் செய்து அழுவார்கள், என்னைத் திட்டுவார்கள். அப்போது ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை, “கனி பண்ணது சரிதான்” என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள்.

மதிய வெயிலில் வண்டிக்கு வெளியே நிற்காதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதுகுக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம். ரங்கநாதர் உங்களுக்குத் துணை இருக்கட்டும், நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு.

உங்கள் மகள்,
கனிஷ்கா