பெண்கள் பக்கத்து டிஸ்க்

மே 6, செவ்வாய்

இன்றும் நின்றுவிட்டது. ஹமீமா ராத்தாவுடைய மூத்த மகளின் கல்யாண வீடியோ முக்கால்வாசி முடிந்திருந்தது. மணமகள் மேடையில் ஏறுகிற இடத்தில் திரை அப்படியே உறைந்து, பிறகு கறுத்தது. எட்டு வருடத்துக் கொம்பியூட்டர். திட்டவும் மனம் வரவில்லை. காலையில் ஸக்கரியா ஹாஜியாரின் மிளகு, கராம்புக் கடைக்குப் பில்லும் இருப்புக் கணக்கும் அடிக்கிறது. பின்னேரம் கல்யாண வீடியோ செய்கிறது. என்னைவிட அதற்குத்தான் வேலை அதிகம்.

புதியது வாங்கத்தான் வேண்டும். எழுதிவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது.

மே 9, வெள்ளி

வீட்டுக்காரர் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் கணக்குப் போட்டேன். அலுவலக வேலைக்கு மட்டும் என்றால் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். வீடியோ என்றதும் எல்லாமே வீங்குகிறது. நல்ல புரொசஸர், கூடுதல் ரேம், கிராபிக்ஸ் கார்ட், வேகமான டிஸ்க் ஒன்று, சேமித்து வைக்கப் பெரிய டிஸ்க் ஒன்று. டவுனில் பஸ்லி கடையில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் சொல்கிறார்கள். சீட்டுக் காசு இரண்டு லட்சம் இருக்கிறது. ஹாஜியார் முற்பணமாக ஐம்பதாயிரம் தருவார். பழையதை மாற்றுக்கு எடுத்தால் அறுபது. மிச்சத்துக்கு வழி பார்க்கலாம்.

பெரிய டிஸ்க்கை வெட்டலாமா என்று யோசித்தேன். முடியாது. வீடியோவைப் பென் டிரைவில் வாங்கிப் போகிறவர்கள் அதைத் தொலைத்துவிட்டு, அடுத்த வருடம் வந்து "ஜஸ்லா, ஒங்கக்கிட்ட இருக்குமா?" என்று நிற்பார்கள். என்னிடம் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு.

அந்த நம்பிக்கைதான் என் தொழிலே. கல்யாணத்தில் பெண்கள் பக்கத்தை என்னோடு வேலை செய்கிற றுஸைனா வீடியோ எடுப்பாள், நான் எடிட் பண்ணுவேன். ஆண் கண் படாது. அங்கே பர்தாவைக் கழற்றிவிட்டு, நகை போட்டு, சிரித்துக் கும்மாளம் போடுகிறவர்கள் எங்கள் இருவரையும் நம்பித்தான் அப்படி இருக்கிறார்கள். இவர்கூட என் அறை வாசலில் நின்று இருமுவார். தேத்தண்ணீரை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இந்த வீட்டில் அதைப் பற்றி அவர் கேட்பதுமில்லை, நான் சொல்வதுமில்லை.

மே 14, புதன்

பஸ்லி பழையதை முழுசாகக் கேட்கிறார், டிஸ்க்கோடு. எல்லாவற்றையும் அழித்துத் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். போன மாதம் யாரோ அழித்த படங்களை எல்லாம் திரும்ப எடுத்துக் கொடுத்தாராம், பெருமையாகச் சொன்னார். 

டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பேன் என்றேன். முப்பத்தைந்துக்கு மேல் வராது என்றார். கழற்றியதை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். ஊறுகாய் போடுவேன் என்று சொல்ல வாய் வந்தது.

இவரிடம் பஸ்லி குறைத்துக் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

மே 16, வெள்ளி

ஹமீமா ராத்தாவின் வீடியோவை ஒருவழியாக முடித்துக் கொடுத்தாயிற்று. அல்ஹம்துலில்லாஹ். நாளை உக்குவளைக்கு, உம்மா வீட்டுக்கு.

மே 18, ஞாயிறு

மேசை காலி.

வந்ததும் அறைக் கதவைத் திறந்தால் – தூசி படிந்த ஒரு சதுரம் மட்டும். வாசலில் இவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இவருடைய ஹாட்வெயார் கடைக்கு வருகிற ரபாயேல் என்பவர், நாலந்தாவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறாராம், நேற்று வந்து அறுபத்தைந்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். பஸ்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டான் என்று நான் கவலைப்பட்டேனாம். அதனால் எனக்குச் சொல்லாமல் ஒரு சந்தோஷம் தரலாம் என்று.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் முகம் வெளிறிப் போனதுதான் நினைவிருக்கிறது.

"அதான் எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்திட்டீங்களே. உள்ள ஒண்ணும் இல்லன்னுதானே நெனச்சேன்" என்றார்.

எப்படித் தெரியும் அவருக்கு? இத்தனை வருடத்தில் ஒரு நாள் அந்தத் திரையைப் பார்த்திருந்தால்தானே. பார்க்காமல் இருந்ததுதான் அவருடைய மரியாதை. அந்த மரியாதையே இப்போது என் தலையில் இடியாக விழுந்திருக்கிறது. யாரைத் திட்டுவது? அல்லாஹ்வே, எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அதற்குள்ளே.

மே 19, திங்கள்

காலையிலேயே இருவரும் தம்புள்ளை பஸ் ஏறி நாலந்தாவில் இறங்கினோம். 

ரபாயேல் ஐம்பது வயதுக்காரர், நிதானமான மனுசர். விஷயத்தைச் சொன்னதும் வேறு எதுவும் கேட்கவில்லை. பெட்டியை மேசையில் தூக்கி வைத்து, ஸ்குரூ டிரைவரை என் கையில் தந்துவிட்டுக் கடை வாசலுக்குப் போய் நின்றார். நான் கழற்றினேன். 

"பாஸ்வேர்ட் கேட்டிச்சிங்க, அப்படியே ஆஃப் பண்ணிட்டேன். மகன் ஷியாம் வந்து பார்க்கிறதா இருந்திச்சு, அவனும் வரல" என்றார்.

வேறு டிஸ்க் போடுகிற செலவுக்காக வாங்கிய காசில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வரவுசெலவில் இன்னொரு ஓட்டை. அதுவா இப்போது முக்கியம்? டிஸ்க் என் கைப்பையில் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் அது வேறொருவர் கையில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். நம்புவது வேறு, தெரிவது வேறு.

மே 20, செவ்வாய்

யாரும் பார்க்கவில்லை, ஏன் சொல்ல வேண்டும் என்கிறார் இவர். றுஸைனா போனில் அழுதாள். சொன்னால் அவளுக்கும் வேலை போய்விடும், நியாயம்தான்.

ஆனால் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் என்று வாங்கி வைத்தது. அந்த டிஸ்க்கில் நான்கு கல்யாணம். நாளைக்கு ஹமீமா ராத்தாவைத் தெருவில் கண்டால் எந்த முகத்தோடு சலாம் சொல்வேன்? என்னால் முடியாது. எனக்கு நடிக்க வராது.

மே 22, வியாழன்

ஹமீமா ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். முழுசாக.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த ஊட்டுல ஆம்புளப் புள்ள இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மகன் என்றேன், அந்த நாட்களில் வரவில்லை என்றும் சொன்னேன். தலையாட்டினார். சின்ன மகளின் கல்யாணத்துக்கும் நீங்கதான் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். இன்று அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

மே 25, ஞாயிறு

மற்ற மூன்று வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் உட்காரச் சொல்லவில்லை. ஆகஸ்டுக்குப் பேசியிருந்த இரண்டு கல்யாணமும் கை நழுவிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

புதுக் கொம்பியூட்டர் வந்துவிட்டது. வேலை இல்லாத நேரத்தில் எதற்கு என்று இவரே கேட்டார். ஹாஜியாரின் கணக்குக்கு ஏதாவது ஒன்று வேண்டும்தானே. வாங்குகிறதை வீடியோவுக்கும் சேர்த்து வாங்கினேன். பிடிவாதம்தான்.

பெரிய டிஸ்க்கை மட்டும் பட்டியலிலிருந்து வெட்டினேன். இனி எந்தக் கல்யாணமும் என் பெட்டிக்குள் தங்காது. வேண்டியவர்கள் தங்கள் டிஸ்க்கைக் கொண்டுவரட்டும்; வேலை முடிந்து பின்னேரம் எடுத்துப் போகட்டும். காசும் மிச்சம், கடனும் இல்லை.

நாலு வீட்டுக்கும் அவரவருடையதை மறுபடி பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கொல்லைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். சம்மட்டி இவர் கொண்டுவந்தது. தானே அடிப்பதாகக் கேட்டார், கொடுக்கவில்லை. பிறகு பாவமாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

மிளகு பில் அடிப்பதற்குக் கிராபிக்ஸ் கார்ட் வைத்திருக்கிற ஒரே ஆள் மாத்தளையில் நானாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒன்றரை மாதமாக எதுவும் எழுதவில்லை. கடைசிப் பத்து நாளும் வேலை இருந்தது.

ஹமீமா ராத்தா தானாகவே வந்தார், சின்ன மகளின் கல்யாணத்தோடு. புது டிஸ்க் ஒன்று பையில். தினமும் காலையில் கொண்டு வருவார், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்கிப் போவார். என் பக்கத்தில் உட்கார்ந்து மணமகளின் தோடு தெரியவில்லை, மாமியை இன்னும் கொஞ்சம் காட்டுங்க என்று உயிரை வாங்குவார். 

இன்று முடிந்தது. டிஸ்க்கைக் கழற்றி அவர் பையில் வைக்கப் போனேன். பையை மூடிக்கொண்டார்.

"எங்கட ஊட்டுல எங்க வைக்கிற, பேரப்புள்ளைங்க எல்லாத்தையும் நோண்டுறாங்க. இங்கேயே இருக்கட்டும்."

"ராத்தா, என்கிட்டயா?"

"யாரும் கேக்காமலே நீங்கதானே வந்து சொன்னீங்க" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்று அழுதேன். பிறகு இவரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல வாசலில் நின்று இருமினார். உள்ளே வாங்க என்றேன். தயங்கித் தயங்கி வந்தார். திரையை அணைத்துவிட்டு டிஸ்க்கைக் காட்டினேன்.

"இதுல ஹமீமா ராத்தாட சின்ன மகள்ட கல்யாணம் இருக்கு. வித்துப்போட வேணாம்."

அவர் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான். டிஸ்க்கை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இருவருக்கும் தெரிகிற ஆணியில் மாட்டினேன்.