வறுக்காத மண்

அன்பும் எரிச்சலும் சரிபாதியாக, என் மாப்பிள்ளைக்கு,

நீர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. மஞ்சள்காமாலை இப்படி ஒரேயடியாகக் கொண்டுபோகும் என்று யார் நினைத்தோம்? கோமதி மருந்துக்கடையை மறுபடி திறந்துவிட்டாள். சேரன்மகாதேவியில் உம்மைத் தேடி வந்தவர்கள் இப்போது என் தங்கையிடம்தான் மாத்திரை வாங்குகிறார்கள்.

பாளையங்கோட்டைக் கைவேலைக் கண்காட்சியில் இந்த வருஷம் நீர் செய்த சின்னப் பீரங்கி டாங்கியை நடுமேசையில் வைக்கிறார்களாம். அதற்கு மண் கொடுத்தவன் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் உம்மிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

இந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்குத்தான். வளைகுடாச் சண்டையை டிவியில் காட்டிய வருஷம், சிங்கப்பூரிலிருந்து அண்ணன் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பிளாஸ்டிக் டாங்கி, துண்டு துண்டாக. ஒட்டி வண்ணம் அடித்த பிறகும் அது பொம்மையாகத்தான் இருந்தது. சேறும் துருவும் புழுதியும் ஏறினால்தான் அது வண்டி என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. செங்கல்பொடி, கரித்தூள், சாத்தான்குளத்துச் சிவந்த தேரிமண் என்று துணியில் சலித்து டப்பா டப்பாவாக வைத்திருந்தேன்.

நீர் கோமதியைக் கட்டிக்கொண்டு மறுவீட்டுக்கு வந்தீர். என் மேசையருகே நின்று, நெற்றியிலிருந்த திருநீற்றை ஒரு விரலால் தொட்டு, என் டாங்கியின் மேல்தகட்டில் பைய தேய்த்தீர். அவ்வளவுதான், அது பத்து மைல் புழுதியில் வந்து நின்ற வண்டி ஆகிவிட்டது.

"பாலைவனப் புழுதி இம்புட்டு வெளுப்பாத்தானே இருக்கும், மச்சான்?" என்று அப்பாவியாகக் கேட்டீர். எனக்கு வயிறு எரிந்தது. அன்று விருந்துச் சாப்பாடே இறங்கவில்லை.

பிறகு நீரும் டாங்கி செய்ய ஆரம்பித்தீர். மண்ணெண்ணெயில் காவிப்பொடியைக் கரைத்து ஆணித்தலைகளைச் சுற்றித் தொட்டு வைப்பீர்; காய்ந்தால் துரு வழிந்த தடம். "அண்ணன் செய்யுததுதான் டாங்கி மாதிரி இருக்கு" என்று என் வீட்டுக்காரியே உம்மைக் காட்டி என் முகத்துக்கு நேரே சொன்னாள். உமக்கென்ன, நீர் சிரித்துக்கொண்டு காப்பி குடித்தீர்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் உமக்கு மேலே இருந்தேன். சேறு. ஸ்ரீவைகுண்டத்து வயல் வண்டலைக் காயவைத்து, சலித்து, இரும்புச்சட்டியில் வறுக்க வேண்டும். அப்போதுதான் அதிலிருக்கும் பூச்சிமுட்டையும் புல்விதையும் சாகும். வறுக்காத மண்ணைப் பசையில் குழைத்து அப்பி, என் முதல் டாங்கி பூச்சி பிடித்து நாறிப்போனது.

ஒரு வருஷம் கண்காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நீர் மண் கேட்டு வந்தீர்.

"வறுத்தாச்சா, மச்சான்?"

"ஆச்சுவே, பிடியும்."

வறுக்கவில்லை. வேண்டுமென்றேதான் வறுக்கவில்லை. உம்முடைய டாங்கி எல்லார் முன்னாலும் நாற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் எனக்கு வாய் வரவில்லை.

கண்காட்சி தொடங்கிய மூன்றாம் நாள் வேடிக்கை பார்க்கக் கிளம்பிப் போனேன். உம்முடைய கண்ணாடிப்பெட்டியைச் சுற்றி ஒரே கூட்டம். "ஏலே, இங்கன பாருலே, சக்கரத்துக்கு நடுவுல புல்லு மொளைச்சிருக்கு!" என்று ஒருவர் கத்தினார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், "சண்டை முடிஞ்சு விட்டுட்டுப் போன வண்டி இப்படித்தான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

முதல் பரிசு உமக்கு. மேடைக்கு என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் போனீர். "மண்ணு எங்க மச்சான் குடுத்தது. பேரு அவுகளுக்குத்தான்" என்றீர். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து ஊரில் நான் 'புல்லு மண்ணு அண்ணாச்சி'. அந்தப் பெயரையும் வெட்கமில்லாமல் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் கோமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அது அவுகளுக்கு அன்னைக்கே தெரியும்ணே. மோந்து பாத்துட்டு, பச்சை மண்ணுன்னாக. திருப்பிக் குடுத்துருங்கன்னேன். என்ன மொளைக்குன்னு பாப்போம்னு சொல்லி, தெனமும் பஞ்சை நனைச்சு அதுல தண்ணி விட்டாக."

அந்தப் புல் தானாக முளைத்தது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! நான் கெடுக்கக் கொடுத்ததை வைத்தும் நீரே ஜெயித்திருக்கிறீர். மேடையில் என் கையைப் பிடித்தபோதும் உமக்குத் தெரியும். என்ன நினைத்துப் பிடித்தீர்? கேலியா? இல்லை, மண் என்னுடையதுதானே என்று நிஜமாகவே நினைத்தீரா? மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் உம்மோடு ஒருதரம் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் இதை அப்படியே சொல்வேன். மண்ணை வறுக்காமல் கொடுத்தேன், பொய் சொன்னேன், புல்லை வளர்த்தது என் மாப்பிள்ளை என்று. டாங்கிக்குக் கீழே வைக்கும் அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீர் பாதியில் விட்ட டாங்கியை, "நீதான் முடிக்கணும்ணே" என்று கோமதி தந்திருக்கிறாள். அதில் நான் கை வைக்க மாட்டேன். உம்மைவிட நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று இப்போதும் கை துடிக்கிறது. ஆனால் ஜெயித்து யாரிடம் காட்ட?

உம்மைப் பார்த்து வயிறெரிந்தே பழகிப்போன
உம் மச்சான்