புண் ஆறியதற்குப் பரிசு

ஆனி 2, புதன்

விடிந்ததிலிருந்து மழை. கட்டுத் துணி ஒன்றுகூடக் காயவில்லை. வார்டுக்குள்ளேயே கயிறு கட்டிப் போட்டேன். படுத்திருப்பவர்கள் மேல் சொட்டுகிறது. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஐயா குடையோடு வாசலில் நின்று, "என்னா செல்லம்மா, உள்ளயும் மழையா?" என்றார். மருந்து அலமாரி காலியான நாளிலிருந்து அவருக்குக் கேலி பேசுவதுதான் வேலை.

இருப்பு: உப்பு அரை டின். சோப்பு இல்லை. பஞ்சு இல்லை. குயினைன், கேட்கவே வேண்டாம். பப்பாளிக்காய் மட்டும் வேலியோரம் வேண்டிய மட்டும்.

கோவிந்தன் கால் நல்ல நிலை. ரப்பர் பால்மரம் வெட்டுகிறவன், லயத்து வீட்டுப் பாப்பாத்தியின் புருஷன். மரவள்ளி நடக் காடு வெட்டும்போது பாராங் கத்தி சறுக்கிக் கணுக்காலுக்கு மேல் இறங்கிவிட்டது. தூக்கி வந்த அன்று எலும்பு தெரிந்தது, வார்டே மூக்கைப் பொத்திக்கொண்டது. காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டி. ஐயா. பட்டணத்துக்கு அனுப்ப லாரி இல்லை. அதனால் என்னிடம் விட்டார்கள். உப்பு வெந்நீர், பப்பாளிக்காய் விழுது, மறுபடியும் வெந்நீர். இன்று பிரித்தால் ஓரமெல்லாம் சிவப்பு. நாற்றம் இல்லை. குனிந்து மோந்து பார்த்தேன், துளிகூட இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் ஆள் ஏது. இதில் எழுதுகிறேன்.

ஆனி 5, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

தோட்டத்துக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி வந்தார். ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டம் இவர் கையில்தான். கெடா சீமை முழுக்க ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் பெண்களில் சிலருக்கு ஜப்பான் சர்க்கார் மரியாதை செய்யப்போகிறதாம். அலோர் ஸ்டார் பட்டணத்தில் விழாவாம். இங்கிருந்து என் பேரைக் கொடுத்திருக்கிறாராம்.

"எந்த ஆஸ்பத்திரியில ஆளுங்க சீக்கிரம் எந்திரிக்கிறாங்கன்னு பாக்குறாங்க. வந்து பாத்தாலும் பாப்பாங்க. வார்ட சுத்தமா வச்சிக்க."

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்" என்றேன். அவர் போனதும் வார்டை இரண்டு தடவை கழுவினேன். ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்தேன். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இந்த வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

சேலை ஓரம் கிழிசல், தைக்க வேண்டும். வீட்டுக்காரர் போனதிலிருந்து வெள்ளைதான் கட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்கும் வெள்ளைதான். ஒன்றே இரண்டுக்கும் ஆகிறது.

ஆனி 9, புதன்

புழுக்கம். பக்கத்துத் தோட்டத்துக்குச் சயாம் லாரி, அதுதான் அங்கே வேலைக்கு ஆள் பிடிக்கிற லாரி, வந்துவிட்டுப் போயிருக்கிறது. தண்ணீர்க் குழாயில் அதே பேச்சு.

"மூணு மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"போனவன் எவனாச்சும் வந்தானா? ஒரு ஆளைக் காட்டு லா."

இருட்டின பிறகு பாப்பாத்தி வந்தாள். பகலில் வர மாட்டாள். உடுத்தச் சேலை இல்லை, சாக்கை மூட்டித் தைத்து இடுப்பில் கட்டி, மேலே கோவிந்தன் சட்டை. புருஷனைப் பார்த்துவிட்டு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தப் புண்ண இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆற விடாதீங்க."

"என்னாடி பேசுற நீ?"

"எந்திரிச்சு நடந்தா இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்கக்கா. படுத்தே கெடக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகவிட்டால் கால் போகும், காலோடு ஆளும் போவான், இதற்கா நான் இத்தனை நாள் கிடந்து மாரடித்தேன் என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். போகும்போது, "நீங்க பாத்து எதாச்சும் செய்யிங்கக்கா" என்றாள்.

நான் சொன்னதில் தப்பில்லை. புண்ணை அழுகவிட என்னால் முடியாது.

ஆனி 14, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை.

காலையில் லாரி. வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்ற ஆட்கள் போதவில்லையாம், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெ. கிராணி, கூட ஒரு ஜப்பான் ஆபீசர். சின்ன வயது. சப்பாத்து பளபளப்பு. வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். தரை சுத்தமாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உண்மையை எழுதத்தான் வேண்டும், குளிர்ந்தது.

கட்டில் கட்டிலாக வந்தார்கள். காய்ச்சல்காரர்களைத் தாண்டினார்கள். கோவிந்தனிடம் நின்றார்கள். கட்டைப் பிரிக்கச் சொன்னான். பிரித்தேன். குழியெல்லாம் மூடி இளஞ்சிவப்புத் தோல். குச்சியால் ஓரத்தை அழுத்தினான். சீழ் இல்லை. என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டான், நடப்பானா என்று.

"போலே ஜாலான்?"

"போலே" என்றேன். அதோடு நிறுத்தினேனா, கிராணியைப் பார்த்து, "சுத்தமா ஆறிடுச்சுங்க, எல்லாம் நானே பாத்தது" என்று வேறு சொன்னேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் கோவிந்தன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் கட்டிலை விட்டு எழுந்தான். பிரித்த கட்டுத் துணியைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வர்றேங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நொண்டக்கூட இல்லை. நொண்டியிருக்கலாமே பாவி.

பாப்பாத்தி கிழங்குக் காட்டில் இருந்தாள். சேதி கேட்டு ஓடிவந்தபோது ரோட்டில் புழுதிகூட அடங்கிவிட்டது.

ஆனி 16, புதன்

மழை. கோவிந்தன் கட்டிலில் வயிற்றுப்போக்குக்காரர் ஒருவர்.

நான் என்ன சொன்னேன் என்பது லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கிறது. வாளி நிறைகிற வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. டி. ஐயா மட்டும், "நீ சொல்லலன்னாலும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருப்பான்" என்றார். இருக்கலாம். அப்படி நினைத்துப் பார்த்தேன், அரை நாள் தாங்கியது.

ஆனி 24, வியாழன்

அலோர் ஸ்டார். போகமாட்டேன் என்று பெ. கிராணியிடம் சொன்னேன். "போகலன்னா ஏன்னு கேப்பான். உன்னயும் கேப்பான், என்னயும் கேப்பான்" என்றார். போனேன். பயந்துதான் போனேன், வேறு காரணம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

கரி எரித்து ஓடுகிற லாரி. புக்கிட் செலம்பாவ் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றது. சேலையெல்லாம் கரி.

மைதானத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நம்மவர்கள். ஜப்பான் ராஜா இருக்கிற திசையாம், கிழக்கே பார்த்துக் குனியச் சொன்னார்கள். குனிந்தோம். பெரிய அதிகாரி நெடுநேரம் பேசினார். நம்மவர்களுக்காக ஒரு ஆள் தமிழில் எடுத்துச் சொன்னான். "உங்க கை பட்டு எந்திரிச்சவங்க எல்லாம் இன்னைக்கு சயாம்ல ரயில் ரோடு போடுறாங்க. அந்தப் பெருமை உங்களுக்குத்தான்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது.

பக்கத்தில் நின்ற ஆயாம்மா, வேறு தோட்டம், வாயை அசைக்காமல் கேட்டாள்.

"உங்க வார்டுலேர்ந்து எத்தன பேரு?"

"ஒருத்தரு" என்று பொய் சொன்னேன். கோவிந்தனுக்கு முன்னால் குணமாகிப் போனவர்களையும் பெரட்டிலிருந்து பிடித்திருக்கிறார்கள். அவர்களை நான் எண்ணவே இல்லை.

கொடுத்தது: சட்டையில் குத்துகிற தகரப் பூ ஒன்று. ஒரு சேலை அளவுக்கு வெள்ளைத் துணி. சின்னப் பையில் அரிசி.

வீட்டுக்கு வந்து அரிசியைப் பொங்கினேன். கிழங்கு தின்று மரத்த நாக்கு. சோறு ருசியாக இருந்தது. அதை நினைத்தால்தான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

ஆனி 25, வெள்ளி

இன்னொரு தப்பு. இதை எப்படி எழுதுவது.

காலையில் துணியைப் பார்த்தேன். நல்ல துணி, கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை. எனக்கு வேண்டாம். பாப்பாத்தி சாக்கோடு நிற்பது கண்ணுக்குள் வந்தது. அவளிடமே கொடுத்துவிட்டால் என்ன, பகலில் வெளியே வருவாளே என்று தோன்றியது. மடித்து எடுத்துக்கொண்டு வேகமாகப் போனேன். கொடுத்தால் என் நெஞ்சும் கொஞ்சம் லேசாகும் என்று இருந்தது. அதுவும் உண்மை.

கதவைத் திறந்தாள். நெற்றியில் பொட்டு பெரிதாக. குங்குமம் ஏது, செங்கல்லை உரைத்து வைத்திருந்தாள். நான் இரண்டு கையிலும் துணியை நீட்டினேன்.

அவள் துணியைப் பார்த்தாள். என் சேலையைப் பார்த்தாள். கை தானாகக் கழுத்துத் தாலிக்கயிற்றுக்குப் போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷனைத் தூக்கிக்கொண்டு போன வீட்டில், விடிகாலையில், முண்டச்சி நான், வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். நான் தினமும் உடுத்துவது, எனக்கு வெறும் துணி. அவளுக்கு அது என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா.

"அவரு செத்துட்டாருன்னு சொல்ல வந்தீங்களா?" என்றாள்.

"இல்லடி, ஐயோ, இல்ல. கட்டிக்கத்தான்…"

கதவைச் சாத்திவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். துணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு பெண் என்னைப் பார்த்ததும் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஆடி 3, திங்கள்

காற்று. கூரைத் தகரம் ஒன்று பறந்தது.

பாப்பாத்தி வார்டு கூட்ட வருகிறாள். ஆஸ்பத்திரி வேலைக்குக் கிழங்குப் படி கூடுதலாகக் கிடைக்கும் என்று டி. ஐயாவிடம் அவளே கேட்டாளாம். நான் இருக்கிறேன் என்று தெரிந்துதான் வந்திருக்கிறாள், பசி. என்னிடம் பேச்சில்லை. நான் நிற்கிற இடத்தை விட்டுச் சுற்றிக் கூட்டுகிறாள். கோவிந்தன் கட்டிலுக்கடியில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம்.

செய்ய வேண்டியது: விறகு. தகரம், ஆள் பார்க்க. முனியாண்டி முழங்கால் புண்.

ஆடி 11, செவ்வாய்

நாளைக்கு லாரி. பெ. கிராணி காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் உறுத்துகிறதோ என்னவோ.

முனியாண்டி, களைவெட்டு ஆள். முழங்காலுக்குக் கீழே புண், நான்தான் பார்க்கிறேன். பிரித்துப் பார்த்தேன். ஆறிக்கொண்டு வருகிறது. சுத்தமாக, அழகாக. நாளைக்கு அவரை லாரியில் ஏற்ற இது போதும்.

வெள்ளைத் துணியை எடுத்து வந்தேன். தனியாகக் கிழிக்க முடியவில்லை, புதுத்துணி, பிடி கிடைக்கவில்லை. பாப்பாத்தி துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தாள். மறுமுனையைப் பிடித்தாள். பட்டை பட்டையாகக் கிழித்தோம். பாதத்திலிருந்து தொடை வரைக்கும் கட்டினேன். உள்ளே பழைய, அலசாத துணி ஒன்று, நாற்றத்துக்கு.

"என்னாக்கா, காலு பெருசா ஆயிடுச்சு" என்றார் முனியாண்டி. "வாய மூடிக்கிட்டுப் படுங்க" என்றேன்.

ஆடி 12, புதன்

மழை இல்லை. வந்தார்கள். அதே சின்ன வயது ஆபீசர். நான் சேலையில் தகரப் பூவைக் குத்திக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் லேசாகத் தலை குனிந்தான், என்னிடம்.

முனியாண்டி கட்டில். கட்டைப் பார்த்தான். பிரிக்கச் சொல்வான், பிரித்தால் நானும் போனேன், முனியாண்டியும் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

"போலே ஜாலான்?"

"தாக் போலே" என்றேன். முடியாது. குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். பிரிக்கச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. அங்கேயும் "தாக் போலே" என்றேன். நம்பினான். லாரி காய்ச்சல் தெளிந்த ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது, அவரை என்னால் மறைக்க முடியவில்லை.

வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் துடைப்பச் சத்தம் நின்றது. பாப்பாத்தி. இத்தனை நாளில் முதல் பேச்சு. கோபமாகக்கூடப் பேசவில்லை, சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"இவ்வளவுதானாக்கா? இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

மறுபடி கூட்டத் தொடங்கினாள்.