தண்ணீர் என்று எழுதிய புள்ளி

ராத்தா,

என் நீல அட்டை ஆய்வுக் கொப்பி பத்து வருடம் கழித்து இன்று வீடு வந்து சேர்ந்தது. சாய்ந்தமருதிலிருந்து உங்களைக் கட்டிய மாப்பிள்ளை, மச்சானே கொண்டுவந்து தந்தார். திறந்தால் உங்கள் அலுமாரியின் அத்தர் மணக்கிறது. என் கையெழுத்துக்கு உங்கள் மணம்! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நாம் இருவர்தான் கல்முனைப் பக்கத்தவர்கள். அதனால்தான் மூத்தவர் நீங்கள் எனக்கு ராத்தா, நான் உங்களுக்குத் தங்கச்சி. உப்பேறிய வயலிலும் பிழைக்கும் நெல்லில் ஒரு புரதம் இருந்தது. அதைப் பளிங்காக வளர்த்து, எக்ஸ் கதிரில் காட்டி, எந்த அணு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. இரண்டு வருடமாகக் கூழ்தான் வந்தது. தப்பித்தவறி வந்த குட்டிப் பளிங்கொன்றை நசுக்கி, அந்தத் தூளைப் பெருநாளுக்கு அறுத்த ஆட்டின் மயிரால் தொட்டுப் புதிய துளியில் இழுத்துப் பார்த்தவள் நான். "குர்பான் ஆட்டு மயிரா புள்ள? ஒனக்கென்ன பைத்தியமா?" என்று சிரித்தீர்கள். மூன்றாம் கிழமை பளிங்கு வந்தது.

படத்தில் அணுக்களைப் பொருத்தத் தொடங்கிய மாதத்தில் என் மாப்பிள்ளை மௌத்தானார். நாலு மாதம் பத்து நாள் மருதமுனை வீட்டுக்குள், புருஷனை இழந்தவள் வெளியே போகாமலிருக்கும் இத்தா இருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்க வந்தீர்கள். "கொப்பியத் தா தங்கச்சி. நீ இத்தாவ முடிச்சிட்டு வா. அதுவரைக்கும் நான் பாத்துக்குவன்" என்றீர்கள். தந்துவிட்டு உங்கள் தோளில் சாய்ந்து அழுதேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

திரும்பி வந்தபோது கட்டுரை அச்சாகியிருந்தது. என் பெயர் கடைசியில், நன்றி சொன்ன இடத்தில், குளிர்சாதனப் பெட்டி திருத்தியவருக்குப் பின்னால் கிடந்தது. கேட்டதற்கு, "நீ இருக்கல்லியே தங்கச்சி. நான் என்ன செய்யிற?" என்றீர்கள்.

ஆனால் கட்டுரையை வாசித்தபோது சிரிப்பு வந்தது. புரதத்தின் நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி. தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் அப்படித் தெரியாது. அது துத்தநாகம். புரதம் முழுவதையும் இழுத்துக் கட்டியிருக்கும் முடிச்சே அதுதான்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மண்டபம் நிறையச் சனம் இருக்கும் நாளில், நீங்கள் மேடையில் நிற்கும்போது எழுந்து, "ராத்தா, அந்தப் புள்ளி என்ன?" என்று கேட்க ஆசைப்பட்டேன். கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பழகினேன். இரண்டு தடவை வாய்ப்பு வந்தது. இன்னும் பெரிய மண்டபம் வரட்டும் என்று விட்டேன். உங்கள் படத்தை நம்பி எத்தனையோ பிள்ளைகள் வருடங்களை வீணாக்கினார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் நீங்கள் நோயில் விழுந்து மௌத்தாகி, என் கேள்விக்குத் தப்பிப் போய்விட்டீர்கள்.

இன்று கொப்பியைப் புரட்டினேன். "இது தண்ணீர் இல்லை. துத்தநாகமோ? பார்க்க வேண்டும்" என்று நான் எழுதிய வரிக்கு மேல் உங்கள் சிவப்புக் கோடு. வாசித்துவிட்டுத்தான் வெட்டியிருக்கிறீர்கள். என் வீட்டுக்கு வந்து சோறு தின்றவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் பெயரையும் போட வேண்டி வருமே!

இனிக் காத்திருக்க ஆளில்லை. நீங்கள் போனதுமே திருத்தத்தை என் பெயரில் அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அச்சாகிறது. முதல் வரியில் உங்கள் பெயரும் உங்கள் பிழையும் இருக்கின்றன. நீங்கள் அதை வாசிக்கமாட்டீர்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

காலையில் கொப்பியைத் தந்துவிட்டு மச்சான் வாசலில் நின்று தயங்கினார். "இதக் குடுக்கச் சொல்லித்தான் கடைசியாச் சொன்னா. அவ ஏதும் பிழ செஞ்சிருந்தா பொருந்திக்குங்க தங்கச்சி."

"வேற ஏதும் சொன்னாவா?"

"இல்ல."

மௌத்தானவருக்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டால் ஓம் என்று சொல்லி அனுப்புவதுதான் நம் வழக்கம்.

"நான் பொருந்தல்ல மச்சான். மறுமை நாள்ல, மஹ்ஷர்ல அவவே வந்து கேக்கட்டும்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது, ராத்தா. உங்களை நினைத்து இல்லை.