மூன்றாம் வீட்டில் பால் காய்ச்சினேன்

பதிவு 1. முதல் நாள், காலை 8.20

இடம்: செவ்வாய், வடக்குப் பாறைப் பள்ளத்தாக்கு. பதிபவர்: இசக்கியம்மாள், பாறைப் பொறியாளர். வெளியே குளிர் மைனஸ் அறுபது. வண்டி நலம். நான் நலம்.

இந்தப் பதிவைக் கண்டெடுப்பவரை நினைத்து எழுத வேண்டும் என்பது விதி. கண்டெடுப்பவரே, வணக்கம். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். வீடு பார்க்க வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பழைய முகாமில் காற்று இயந்திரம் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர் அதை நம்பி மூச்சு விடுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டும் இயந்திரங்கள் ஆறு வருடமாகப் பாறையைக் குடைந்து வீடுகள் செய்து வைத்திருக்கின்றன. மனிதக் கால் இதுவரை ஒரு வீட்டிலும் படவில்லை. நான் பார்த்துச் 'சரி' என்று சொன்னால் முகாம் கிளம்பும். கிளம்பினால் திரும்பிப் போக முடியாது. வண்டிகளின் மின்சாரம் ஒரு வழிக்குத்தான்.

இடம் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நின்றுகொண்டே இருக்கும் கல் தூண்களின் கூட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வீடு. காற்று அடியைத் தின்று மெலிய வைத்திருக்கிறது. ஒவ்வொரு தூணின் உச்சியிலும் தின்ன முடியாத ஒரு கறுப்புக் கல் தொப்பி. மூன்றாம் வீட்டின் தொப்பி ஒரு பேருந்து அளவு இருக்கும், சற்றே சாய்ந்திருக்கிறது. அதற்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பதிவு 2. முதல் நாள், மாலை 6.45

எல்லா வீட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கருவிகள் என்ன சொன்னாலும் நான் தட்டாமல் நம்பமாட்டேன். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதில்லையா? கணீர் என்றது. எங்கே தட்டினாலும் கணீர். பாறைத்தூளை உப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஈரம் பூஜ்யம். கருவிகளும் அதையே சொல்கின்றன.

வீடுகளை வரைந்தவர் நம் ஊர்க்காரர் போலிருக்கிறது. படுக்கத் திண்டு, சுவரில் மாடம், வாசலை ஒட்டி அடுப்பு மேடை. எல்லா வாசலும் கிழக்கு.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. கையும் சும்மா இருக்காது. மேசை, குழாய், எதிரே இருப்பவரின் தலைக்கவசம், எதையும் தட்டுவேன். முகாமே இதற்காக என்னைத் திட்டும். என் கணவர் ஆவுடையப்பன் மட்டும் திட்டமாட்டார். நான் இரண்டு தட்டி நிறுத்தினால் மூன்றாவதை அவர் தட்டுவார். வாயைத் திறக்கச் சோம்பல்படும் மனிதர், அதுதான் அவர் பேச்சு.

மாலை வானொலியில் அவருடைய அக்கா சொர்ணவள்ளி. முகாமின் மருத்துவர், எனக்கு மதினி. பதிந்து வைக்கிறேன்:

"ஏட்டி இசக்கி, வீடு எப்படி இருக்கு? சொல்லுட்டி. இங்கன மூச்சு முட்டுது. நம்ம பயலுவோ எல்லாம் மூட்டை கட்டிட்டு ஒன் வாயத்தான் பாத்துட்டு இருக்கானுவோ."

சரி என்றேன். 'சரி, கிளம்புங்கள்' என்று என் வாயால் சொன்னேன். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது.

"அப்போ நாளைக்கு விடியக்குள்ள பால் காய்ச்சிரு, கேட்டியா? பால் காய்ச்சாத வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன். ஒன் தட்டலெல்லாம் அப்புறம்."

மருத்துவம் படித்தவள் பேசுகிற பேச்சா இது என்றேன். "படிச்சவளுக்குப் பால் பொங்காதாட்டி?" என்றாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் இல்லை.

மூன்றாம் வீட்டை அடைத்துக் காற்று நிரப்பிவிட்டேன். இன்று இங்கேதான் படுக்கை. தலைக்கவசம் இல்லாமல் மூச்சு விடுவது எவ்வளவு சுகம்.

பதிவு 3. இரண்டாம் நாள், காலை 6.30

பால் பொங்கியது. பால்பொடிதான். மின் அடுப்பை உள்ளே வாசல் மேடையில் வைத்துக் கிழக்கே பார்த்துக் காய்ச்சினேன். பொங்கி வழிந்தபோது, யாரும் இல்லாத தைரியத்தில், நானும் ஒரு குலவை போட்டேன். கண்டெடுப்பவரே, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

முகாம் கிளம்பிவிட்டது. ஆறு வண்டிகள். நாளைப் பிற்பகல் வந்து சேரும்.

பதிவு 4. இரண்டாம் நாள், காலை 9.05

வாசல் உத்திரத்தில் வேர்வை.

முதலில் ஆவி குளிர்ந்து படிந்தது என்று நினைத்தேன். துடைத்தேன். துணியோடு சுவரும் வந்தது. பழக்கத்தில் தட்டினேன். கணீர் இல்லை. சொத்.

விரலால் அழுத்தினேன். பாறைக்குள் நகம் இறங்குகிறது.

பதிவு 5. இரண்டாம் நாள், முற்பகல் 11.00

புரிந்துவிட்டது. புரிந்து என்ன பயன்.

இந்தப் பாறையைப் பிடித்து வைத்திருப்பது உப்பு. அடைமழையில் உப்பு ஜாடி என்ன ஆகும்? தூத்துக்குடியில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டு ஜாடிக்குள் அரிசி போட்டு வைப்பார்கள், அப்படியும் கசியும். இந்த உப்பு அதைவிடப் பேராசை பிடித்தது. ஈரத்தைக் கண்டால் குடித்துவிட்டு, இந்தக் குளிரிலும் உறையாமல் கரைந்துவிடும். ஒரு ராத்திரி நான் விட்ட மூச்சு, காலையில் ஒரு பாத்திரம் பால். அவ்வளவுதான் கேட்டது.

ஆறு வருடம் இங்கே வேலை செய்தவை இயந்திரங்கள். இயந்திரம் மூச்சு விடாது. சோறு வடிக்காது. அழாது. எல்லாச் சோதனையும் காய்ந்த வீட்டில் நடந்தது, என் சுத்தியல் உட்பட. முப்பத்தெட்டுப் பேர் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் இந்த வரிசை முழுக்கச் சேறு.

சொல்ல வேண்டும். வானொலியில் உடனே சொல்ல வேண்டும்.

பதிவு 6. இரண்டாம் நாள், முற்பகல் 11.40

கதவு திறக்கவில்லை. உத்திரம் இறங்கிக் கதவின் மேல் உட்கார்ந்துவிட்டது. வெளியே வண்டியின் வானொலிக்குப் போகும் கம்பியும் அதில் நசுங்கிவிட்டது. அது இல்லாமல் என் காதுப்பெட்டி கேட்கும், அனுப்பாது.

கம்பிப்பாரையால் நெம்பினேன். ஒவ்வொரு நெம்பலுக்கும் மேலே தொப்பிக்கல் முனகுகிறது. நிறுத்திவிட்டேன். பயத்தில்தான். வேறு காரணம் சொல்ல விருப்பமில்லை.

பதிவு 7. மூன்றாம் நாள், காலை 10.15

வாய் திறந்து மூச்சு விடப் பயமாக இருக்கிறது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டேன். உடுப்பில் உள்ள காற்று நாளைக் காலை வரை வரும். அறைக்குள் நடக்கிறேன். ஏழு அடி வைத்தால் சுவர். திரும்புகிறேன். மறுபடி சுவர்.

சொர்ணம் மதினி வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறாள்:

"ஏட்டி, சத்தத்தையே காணோம்? வீடு கூட்டிப் பெருக்குதியாக்கும். எந்தம்பி வண்டி ஓட்டிட்டே ஸ்டியரிங்கத் தட்டிட்டு வாரான். ஒன் நோவு அவனுக்கும் ஒட்டிக்கிட்டு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருகிறவர்கள் வண்டிகளுக்குள்ளேயே நெருக்கியடித்துக் கிடந்தால், சரக்கு விண்கப்பல் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். கஷ்டம், ஆனால் முடியும். வீடுகளுக்குள் போனால் முடியாது. தெரிந்தால் போதும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாறையைத் தட்டலாம். தட்டினால் 'உள்ளே இருக்கிறேன், வா' என்றுதான் அர்த்தம். சொர்ணத்திடம் வேறு எந்த அர்த்தமும் செல்லாது. கையாலேயே சுவரைக் குடைந்துகொண்டு வந்துவிடுவாள்.

ஒரு வழி இருக்கிறது. இந்த வாசல் அவர்கள் கண்ணெதிரே இடிய வேண்டும், ஒருவரும் கிட்ட வருவதற்கு முன்னால். உத்திரம் உயரத்தில் இருக்கிறது, ஊற்றினால் எட்டாது. ஆவி எட்டும். குடிதண்ணீர் முழுவதையும் வாசல் மேடைக்கு இழுத்து வந்துவிட்டேன். அடுப்பு எரிகிறது.

பால் காய்ச்சிக் குடிபுகுந்தேன். தண்ணீர் காய்ச்சி வீட்டை இடிக்கிறேன்.

பதிவு 8. மூன்றாம் நாள், பிற்பகல் 2.50

விரிசல் வழியாக ஆவி வெளியே போகிறது. வெளியே இருக்கும் குளிரில் அது வெள்ளையாக மேலே எழும், தூரத்திலிருந்தே தெரியும். நல்லதுதான், பார்த்து மிரண்டு நிற்பார்கள் என்று நினைத்தேன்.

சொர்ணம்: "எலேய், அங்கன பாருங்கடே, மூணாவது வீட்ல வெள்ளையா பொகை! பால் பொங்கிட்டு! நம்ம வார நேரம் பாத்துப் பொங்க விட்டிருக்கா பாரு, ராசாத்தி! ஓட்டுலே, வேகமா ஓட்டு!"

பின்னால் முப்பது குரல்கள் குலவை போடுகின்றன.

ஐயோ, மதினி. ஐயோ.

பதிவு 9. பிற்பகல் 3.10

வண்டிகள் நின்றுவிட்டன. தரை அதிர்ந்து அடங்கியது.

சொர்ணம்: "யாரும் முந்தாதீங்க. நான்தான் மூத்தவ. வலது கால எடுத்து வச்சுத்தான் போணும். இசக்கி, கதவத் தொறட்டி!"

உத்திரம் தொங்குகிறது, விழவில்லை. மீதித் தண்ணீர் பாதிப் பீப்பாய் இருக்கிறது. வாசல் தூணின் அடியில் ஊற்றப் போகிறேன். அவள் ஏறி வர இன்னும் நேரம் இருக்கிறது. சரிவு நீளம். மூட்டுவலிக்காரி. கடவுளே, இன்றைக்கு அவளுக்கு மூட்டு நன்றாக வலிக்கட்டும்.

பதிவு 10. பிற்பகல் 3.40

விழுந்துவிட்டது. முன்பக்கம் முழுக்க. நான் பின்னறையில் இருக்கிறேன். இடது கால் மண்ணுக்குள். வலி இல்லை, அதுதான் நல்லதாகப் படவில்லை.

கொஞ்ச நேரம் காதில் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தை எழுதமாட்டேன். பிறகு:

"ஏ பாவி... ஏ பாவி மக்கா... எல்லாரும் இருக்கியளா? குரல் குடுங்க, ஒவ்வொருத்தரா." பெயர்கள் வந்தன. எல்லாப் பெயரும் வந்தது. என் பெயர் தவிர.

அதற்குப் பிறகு அவள் குரல் மாறியது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும்போது வருமே, அந்தக் குரல். "இந்தக் கல்லுல ஈரமா இருக்கு. பிசுபிசுங்கு. தொட்டா கரையுது. ஏலே, அந்தப் பொகை பால் இல்லலே. அவ... அவதான் இடிச்சிருக்கா. எவனும் எந்த வீட்டுக்குள்ளயும் போப்படாது! எல்லாரும் வண்டிக்குத் திரும்புங்க! இப்பவே!"

படித்தவள். படித்தவள். என் மதினி.

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பதிவு 11. மாலை 5

எல்லாரும் போய்விட்டார்கள், இரண்டு பேர் தவிர. சொர்ணமும் என் கணவரும் மண்மேட்டின் மேல், தொப்பிக்கல்லுக்கு நேர் கீழே. தலைக்கவசத்தைப் பாறையில் ஒட்டி வைத்துக் கேட்கிறார்களாம்.

"இசக்கி, உசிரோட இருந்தா ஒரு தட்டு தட்டுட்டி. சும்மாவே தட்டிட்டு இருப்பியே. ஒரே ஒரு தட்டு. நாங்க தோண்டி எடுத்துருதோம். கேக்கலன்னா... கேக்கலன்னா பொழுது சாயக்குள்ள போயிருதோம். தட்டுட்டி."

தோண்டினால் கல் வரும். அடித்தூண் ஊறிப்போய்விட்டது. இங்கிருந்தே கேட்கிறது, ஊஞ்சல் சங்கிலி மாதிரி ஒரு கிரீச். இவ்வளவு மெல்லிய சத்தம் அவர்கள் இருக்கும் மண்மேட்டுக்கு எட்டாது. முதல் மண்வெட்டிக்கே பேருந்து அளவுக் கல் அவர்கள் தலையில்.

சுத்தியல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். விரல்கள் எதையாவது தேடுகின்றன. எழுதக் கொடுத்தேன். எழுதட்டும்.

பதிவு 12.

சொர்ணம் அழுகிறாள்.

பாறையில் சத்தம். இரண்டு தட்டு. நிறுத்தம்.

அவர்தான். மூன்றாவதை எனக்கு விட்டிருக்கிறார்.

தட்டமாட்டேன். உயிரோடு இருக்கிறேன், கேட்கிறது, ஆசையாக இருக்கிறது, தட்டமாட்டேன். கண்டெடுப்பவரே, நீங்கள் அவராக இருந்தால், கேட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவு

மறுபடி.

இரண்டு தட்டு. நிறுத்தம்.

போங்களேன்